புதுக் கல்லீரல் வந்த பிறகு: வாழ்நாள் முழுவதும் மாத்திரையும் இரத்தப் பரிசோதனையும் எதற்கு?

சித்தப்பாவுக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து ஓராண்டு நிறைந்த சமயம். நலம் விசாரிக்க வந்த உறவினர் ஒருவர் மேசைமேல் இருந்த மாத்திரைப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "அதுதான் புது ஈரலே வைத்தாகிவிட்டதே, இன்னும் எதற்கு இத்தனை மாத்திரை?" என்று கேட்டார். அன்போடு கேட்டதுதான். ஆனால் அந்தக் கேள்வி சித்தப்பாவின் மனத்தில் இரண்டு வாரமாக ஓடிக்கொண்டிருந்தது என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, இரவு மாத்திரையை மட்டும் நிறுத்திப் பார்ப்போமா என்று யோசித்திருக்கிறார்.

நல்லவேளை, நிறுத்தவில்லை. ஆனால் அவரைப் போல யோசிப்பவர்கள் நிறையப் பேர். அறுவை சிகிச்சையைப் பற்றியும் அதன் செலவைப் பற்றியும் எல்லோரும் பேசுகிறார்கள். அதற்குப் பின் வரும் பத்து, இருபது, முப்பது ஆண்டுகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்த ஆண்டுகளைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. யாருக்கு எந்த மருந்து, எவ்வளவு என்பதை அவரவர் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவர் சொல்வதன் காரணம் புரிந்தால் அதைக் கடைப்பிடிப்பது எளிதாகும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒட்டு மாங்கன்றும் ஒட்டிய கல்லீரலும்

வீட்டில் ஒட்டு மாங்கன்று வைத்தவர்களுக்கு ஒன்று தெரியும். கீழே இருப்பது நாட்டு மாஞ்செடியின் தண்டு, மேலே இருப்பது நமக்குப் பிடித்த இரகத்தின் கிளை. ஒட்டுப் பிடித்துத் துளிர் விட்டதும் வேலை முடிந்துவிட்டது என்று தோன்றும். ஆனால் ஒட்டுக்குக் கீழே நாட்டுச் செடி தன் துளிரை விட்டுக்கொண்டே இருக்கும். அதை அவ்வப்போது கிள்ளிவிடாவிட்டால் அதுவே ஓங்கி வளர்ந்து ஒட்டுக் கிளையை நலிய வைத்துவிடும். கன்று மரமான பிறகும் வேர் தன் இயல்பை மறப்பதில்லை.

மாற்றுக் கல்லீரலும் இப்படித்தான். அது வேறொருவரின் உடலில் வளர்ந்தது. நம் உடலின் ஏறத்தாழ எல்லா உயிரணுக்களின் மேற்பரப்பிலும் 'இது என்னுடையது' என்று சொல்லும் அடையாளப் புரதங்கள் உள்ளன. இரத்தத்தில் சுற்றிவரும் வெள்ளையணுக்கள் அந்த அடையாளத்தைச் சரிபார்த்துக்கொண்டே இருக்கும். பொருந்தாத அடையாளத்தோடு எதைக் கண்டாலும், அது கிருமியாக இருந்தாலும் சரி, தானமாக வந்த உறுப்பாக இருந்தாலும் சரி, தாக்கத் தொடங்கிவிடும். இந்தக் காவல் ஏற்பாட்டுக்குப் பெயர் நோயெதிர்ப்பு ஆற்றல். அது தானமாக வந்த உறுப்பைத் தாக்குவதற்குப் பெயர் நிராகரிப்பு. அந்தத் தாக்குதலைத் தணித்து வைக்கும் மாத்திரைகள் நோயெதிர்ப்புத் தணிப்பு மருந்துகள்.

மாங்கன்று உவமை ஓரிடத்தில் பொருந்தாமல் போகும். தவறான துளிரைக் கண்ணால் பார்த்துக் கிள்ளிவிடலாம். உடலில் கல்லீரலைத் தாக்கும் வெள்ளையணுக்களை மட்டும் தனியே பிரித்துக் கிள்ள இன்றைய மருந்துகளால் முடியாது. அவை காவல் முழுவதையும் சற்றே மந்தமாக்குகின்றன. பின்னால் வரப்போகும் பெரும்பாலான சிக்கல்களுக்கு வேர் இதுதான்.

கல்லீரல் மற்ற உறுப்புகளைவிடச் சாதுவானது என்பது ஓர் ஆறுதல். சிறுநீரகத்துக்குப் பார்ப்பதுபோல் நுணுக்கமான திசுப் பொருத்தம் இதற்குப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. இரத்த வகையும் அளவும் பொருந்தினால் போதும். மருந்தும் ஒப்பீட்டளவில் குறைவாகவே தேவைப்படும். மிகச் சிலருக்கு, கடும் கண்காணிப்பில் நடந்த ஆய்வுகளில், மருந்தை முற்றிலும் நிறுத்த முடிந்திருக்கிறது. 'யாரோ மாத்திரையை நிறுத்தியும் நன்றாக இருக்கிறாராம்' என்று பரவும் செய்திகளின் மூலம் பெரும்பாலும் இதுதான். ஆனால் அந்தச் சிலர் யார் என்பதை முன்கூட்டியே உறுதியாகச் சொல்லும் பரிசோதனை இன்று வரை வழக்கத்தில் இல்லை. வீட்டில் தானாக நிறுத்திப் பார்ப்பவர் தன் கல்லீரலையே பணயம் வைக்கிறார்.

இந்தச் சிகிச்சையின் வரலாறும் இதையேதான் சொல்கிறது. 1963-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் தாமஸ் ஸ்டார்ஸ்ல் மனிதருக்குச் செய்யப்பட்ட முதல் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சையைச் செய்தார். அந்த நோயாளி பிழைக்கவில்லை. மாற்றுக் கல்லீரலோடு ஒருவர் ஓராண்டைத் தாண்டி வாழ்வதற்கு 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன் பிறகும் இது பல ஆண்டுகள் துணிச்சலான சோதனையாகவே இருந்தது. நிலைமையை மாற்றியவை மருந்துகள்தாம்: முதலில் சைக்ளோஸ்போரின், பிறகு டாக்ரோலிமஸ். இரண்டுமே மண்ணிலிருந்து வந்தவை. நார்வே நாட்டு மண்ணில் இருந்த ஒரு பூஞ்சை முதலாவதைத் தந்தது. 1984-இல் ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணில் கண்டெடுத்த ஒரு நுண்ணுயிர் இரண்டாவதைத் தந்தது. அறுவைக் கத்தி உறுப்பை உள்ளே வைத்தது. அதை அங்கே தங்க வைத்தவை இந்த மாத்திரைகள்.

இந்தியாவில் வெற்றி பெற்ற முதல் கல்லீரல் மாற்று 1998 நவம்பரில் டெல்லியில் நடந்தது. பிறவியிலேயே பித்தநாளம் அடைபட்டிருந்த, காஞ்சிபுரத்தைச் சேர்ந்த ஒரு குழந்தைக்குத் தந்தை தன் கல்லீரலின் ஒரு பகுதியைக் கொடுத்தார். அந்தக் குழந்தை வளர்ந்து மருத்துவராகிவிட்டார். 'இதெல்லாம் எத்தனை நாளைக்குத் தாங்கும்?' என்று யாராவது கேட்டால் நான் அவரைப் பற்றித்தான் சொல்வேன்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: உடல் புதிய உறுப்பை ஏற்றுக்கொண்டு மறந்துவிடுவதில்லை, நாள்தோறும் அடையாளம் கேட்கிறது. நலமாக இருப்பது மாத்திரை தன் வேலையைச் செய்கிறது என்பதற்கான அடையாளம், மாத்திரை வேண்டாம் என்பதற்கான அடையாளம் ஆகாது.

நிராகரிப்பு சத்தம் போடாது

நிராகரிப்பு என்றதும் பலர் மனத்தில் வருவது ஒரு நாடகக் காட்சி: தாங்க முடியாத வலி, மயக்கம், ஆம்புலன்ஸ். உண்மையில் தொடக்க நிலையில் ஒன்றுமே தெரியாது. நன்றாகச் சாப்பிடுவார், தூங்குவார், நடைப்பயிற்சி போவார். இரத்தத்தில் மட்டும் எண்கள் ஏறிக்கொண்டிருக்கும். கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்து, சோர்வு வரும்போது தாக்குதல் வெகு தூரம் போயிருக்கும்.

அதனால்தான் இத்தனை இரத்தப் பரிசோதனைகள். கல்லீரல் உயிரணுக்கள் சேதமடைந்தால் அவற்றுக்குள் இருக்கும் சில நொதிகள் இரத்தத்தில் கசியும். நொதி என்பது உடலின் வேதி வேலைகளை விரைவாக்கும் புரதம். பித்தம் சரியாக இறங்காவிட்டால் பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருள் இரத்தத்தில் கூடும். இவற்றையெல்லாம் அளக்கும் தொகுப்பைத்தான் கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை என்கிறோம். வீட்டில் யாரும் இல்லாதபோது குழாய் கசிந்தால், தண்ணீர் மீட்டரைப் பார்ப்பவருக்கு மட்டுமே அது தெரியும். கல்லீரலுக்கு இந்த எண்கள்தான் மீட்டர்.

எண்கள் ஏறிவிட்டால் உடனே நிராகரிப்பு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பித்தநாளச் சுருக்கம், தொற்று, வேறு மருந்தின் விளைவு, பழைய நோய் திரும்புவது என்று பல காரணங்கள் இருக்கலாம். ஸ்கேன் எடுப்பார்கள். தேவைப்பட்டால் மெல்லிய ஊசியால் கல்லீரலிலிருந்து நூலளவு திசு எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். இதற்குத் திசு ஆய்வு என்று பெயர். நிராகரிப்பு என்று உறுதியானால், பெரும்பாலும் சில நாட்களுக்கு அதிக அளவில் ஸ்டீராய்டு கொடுத்தும், வழக்கமான மருந்தின் அளவைக் கூட்டியும் அடக்கிவிட முடியும். நேரத்தோடு கண்டுபிடித்தால் நிராகரிப்பு என்ற சொல் கல்லீரலின் முடிவைக் குறிப்பதில்லை. அந்தச் சொல்லைக் கேட்டதும் எங்கள் வீட்டில் எல்லோரும் அழுதுவிட்டோம். ஒரு வாரத்தில் எண்கள் இறங்கின.

இந்த ஆபத்து முதல் சில மாதங்களில் அதிகம். அதனால் தொடக்கத்தில் வாரம் ஓரிரு முறை இரத்தம் கொடுக்க வேண்டியிருக்கும். பிறகு அது இரு வாரத்துக்கு ஒருமுறை, மாதம் ஒருமுறை என்று இடைவெளி கூடும். ஓராண்டுக்குப் பின் நிலைமை சீராக இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும் என்பார்கள். இடைவெளி கூடுமே தவிர, பரிசோதனை முற்றாக நிற்கும் நாள் வராது. பத்தாவது ஆண்டிலும், தொடர்ந்து மாத்திரையைத் தவறவிட்டவருக்கு நிராகரிப்பு வரலாம்.

ஏரியும் மதகும்: மாத்திரையின் அளவு

இந்தப் பகுதியைச் சற்று நிதானமாகப் படியுங்கள். வீட்டில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் நடக்கின்றன.

இன்று பெரும்பாலானோர் சாப்பிடும் முதன்மை மருந்து டாக்ரோலிமஸ். தொடக்கத்தில் அதோடு மைக்கோஃபினோலேட் என்ற மருந்தும் ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கும். ஸ்டீராய்டை மெல்லக் குறைத்துச் சில மாதங்களில் பலருக்கும் நிறுத்திவிடுவார்கள். டாக்ரோலிமஸ் மட்டும் தொடரும்.

ஓர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் விழுங்கும் மாத்திரைதான் ஏரிக்கு வரும் நீர்வரத்து. குடல் சுவரிலும் கல்லீரலிலும் இருக்கும் ஒரு நொதி மருந்தைச் சிதைத்து வெளியேற்றுகிறது. அது மதகு. ஏரியில் நிற்கும் நீரின் மட்டம்தான் இரத்தத்தில் உள்ள மருந்தின் அளவு. மட்டம் இறங்கினால் பயிர் காயும்: நிராகரிப்பு வரும். மட்டம் ஏறினால் கரை உடையும்: கை நடுங்கும், தலை வலிக்கும், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கூடும், எல்லாவற்றுக்கும் மேலாகச் சிறுநீரகம் பாதிக்கப்படும். டாக்ரோலிமஸில் இந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி மிகக் குறுகியது. அதனால்தான் மற்ற மாத்திரைகளைப் போல எல்லோருக்கும் ஒரே அளவு என்று கொடுத்துவிட முடிவதில்லை. ஒரே எடையுள்ள இருவருக்கு அளவு பெரிதும் வேறுபடலாம்.

நீர்மட்டத்தை எப்போது அளப்பது? அடுத்த நீர்வரத்து வருவதற்குச் சற்று முன்னால், மட்டம் மிகவும் தாழ்ந்திருக்கும் நேரத்தில். இதை அடிமட்ட அளவு என்று சொல்லலாம். மருத்துவர் எதிர்பார்க்கும் எண் இந்த அடிமட்ட அளவுதான். ஆகவே பரிசோதனை நாளில் காலை மாத்திரையைச் சாப்பிடாமல் போய், இரத்தம் கொடுத்த பிறகே விழுங்க வேண்டும். சித்தப்பா ஒருமுறை பழக்க தோஷத்தில் காலையில் விழுங்கிவிட்டுப் போனார். அளவு வழக்கத்தைப் போல் இரண்டு மடங்கு காட்டியது. "மாத்திரை சாப்பிட்டுவிட்டா வந்தீர்கள்?" என்று மருத்துவர் கேட்டிருக்காவிட்டால் மருந்தின் அளவைத் தேவையில்லாமல் குறைத்திருப்பார்கள். அன்றிலிருந்து பரிசோதனை நாளின் காலை மாத்திரை சித்தியின் கைப்பையில்தான் போகும்.

ஒரு நாளைக்கு இரண்டு வேளை சாப்பிடுபவர்கள் பன்னிரண்டு மணி நேர இடைவெளியைக் காக்க வேண்டும். உணவோடு உள்ள இடைவெளியும் தினமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். நெய்யும் எண்ணெயும் மிகுந்த உணவோடு சேர்த்துச் சாப்பிட்டால் மருந்து குறைவாகவே உட்கிரகிக்கப்படும். ஒரு வேளை தவறிவிட்டால் அடுத்த வேளைக்கு இரண்டாகச் சேர்த்து விழுங்கக் கூடாது. கடையில் வழக்கமான நிறுவனத்தின் மாத்திரை இல்லை, வேறொன்று தருகிறேன் என்றால் மருத்துவக் குழுவிடம் கேட்காமல் மாற்றக் கூடாது. ஒரே மருந்தாக இருந்தாலும் தயாரிப்பு மாறினால் நீர்மட்டம் மாறலாம். கையிருப்பு பத்து நாளுக்குக் கீழே இறங்கும் முன்பே அடுத்த மாத மாத்திரையை வாங்கிவிடுவது எங்கள் வீட்டுப் பழக்கம். மழையும் வெள்ளமும் வரும் மாதங்களில் அது கைகொடுத்திருக்கிறது.

இப்போது மதகுக்கு வருவோம். சில பொருள்கள் மதகை அடைத்துவிடும். பம்பளிமாசும் அதன் இனமான கிரேப்ஃப்ரூட்டும் அப்படிப்பட்டவை. பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் ஃப்ளூகோனசோல், சளிக்கும் தொண்டைப் புண்ணுக்கும் தரும் கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், இரத்த அழுத்தத்துக்கான டில்டியாசெம் ஆகியவையும் அப்படியே. மாத்திரையின் அளவு மாறாமலேயே இரத்தத்தில் மருந்து ஏறிவிடும். வயிற்றுப்போக்கு வந்தாலும், எதிர்பார்ப்புக்கு மாறாக, டாக்ரோலிமஸ் அளவு ஏறக்கூடும். வேறு சில மருந்துகள் மதகை அகலத் திறந்துவிடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும், வலிப்பு நோய்க்கான ஃபெனிட்டாய்ன், கார்பமசெபைன் ஆகியவையும் முக்கியமானவை. காசநோய் பரவலாக உள்ள நம் நாட்டில் ரிஃபாம்பிசின் சாதாரணமாக எழுதப்படும் மருந்து. மாற்றுக் கல்லீரல் உள்ளவருக்கு அதைக் கொடுத்தால் டாக்ரோலிமஸ் அளவு சரிந்துவிடும்.

தெருமுனை கிளினிக்கில் காய்ச்சலுக்குக் காட்டினாலும், பல் பிடுங்கப் போனாலும், "எனக்குக் கல்லீரல் மாற்றியிருக்கிறார்கள், இந்த மாத்திரைகள் சாப்பிடுகிறேன்" என்பதே முதல் வாக்கியமாக இருக்க வேண்டும். உடல் வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் போன்றவை டாக்ரோலிமஸோடு சேர்ந்து சிறுநீரகத்தைத் தாக்கும். காய்ச்சலுக்கும் வலிக்கும் எவ்வளவு பாராசிட்டமால் எடுத்துக்கொள்ளலாம் என்பதை முன்கூட்டியே உங்கள் மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

'எதிர்ப்புச் சக்தி'யைக் கூட்டும் அன்பு

உறவினர்கள் பழம் வாங்கி வருவார்கள், கூடவே ஒரு பொட்டலமும் வரும். கீழாநெல்லிப் பொடி, நிலவேம்பு, சீந்தில் கொடி சேர்ந்த கஷாயம், முகவரி தெரியாத ஒரு லேகியம். "பாவம், எதிர்ப்புச் சக்தி குறைந்துபோயிருக்கிறது, இதைக் குடித்தால் கூடும்" என்பார்கள்.

மேலே சொன்னதை நினைத்துப் பாருங்கள். அந்த எதிர்ப்புச் சக்தியைத்தானே நாம் அளந்து, கணக்குப் பார்த்து, மாதாமாதம் இரத்தம் கொடுத்துக் குறைத்து வைத்திருக்கிறோம்! அதைத் தூண்டிவிடும் பொருள் உண்மையிலேயே வேலை செய்தால், முதலில் தாக்கப்படுவது புதுக் கல்லீரலாகத்தான் இருக்கும். கோவிட் காலத்தில் பலரும் சீந்திலைத் தொடர்ந்து சாப்பிட்டபோது, மாற்று அறுவை சிகிச்சை செய்துகொள்ளாத சிலருக்கே கல்லீரல் அழற்சி ஏற்பட்டதை மும்பை மருத்துவர்கள் ஆய்விதழில் பதிவு செய்திருக்கிறார்கள். கபசுரக் குடிநீரிலும் சீந்தில் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும்.

நம் மருத்துவ மரபின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி கொடுத்த பாட்டியின் கையில்தான் நானும் வளர்ந்தேன். ஆனால் அந்த அனுபவ அறிவு தோன்றிய காலத்தில் மாற்றுக் கல்லீரலோடு வாழும் மனிதர் ஒருவர்கூட இல்லை. மாற்றுக் கல்லீரல் உள்ளவரின் கண் மஞ்சளானால் அது நிராகரிப்பாக இருக்கலாம், பித்தநாள அடைப்பாக இருக்கலாம். ஐந்து நாள் கீழாநெல்லி குடித்துப் பார்க்கலாம் என்று காத்திருக்கும் அந்த ஐந்து நாள்தான் ஆபத்து. சமையலில் போடும் மஞ்சள், மிளகு, சீரகத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. அவற்றின் சத்தைப் பிழிந்து மாத்திரையாக விற்கும்போது கதை வேறு. செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகள் கல்லீரலைப் பாதித்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. பொட்டலத்தைக் கொண்டுவந்தவரின் மனம் நோகாமல் வாங்கி வைத்துக்கொள்ளலாம். அடுப்பில் ஏற்ற வேண்டாம்.

சுருக்கமாக: மாத்திரையின் அளவு நேரம், உணவு, பிற மருந்து, மூலிகை என எல்லாவற்றாலும் ஆடும். புதிதாக எதை வாயில் போடுவதானாலும் முதலில் மாற்று சிகிச்சைக் குழுவுக்கு ஒரு தொலைபேசி.

காய்ச்சல் வந்தால்

காவலை மந்தமாக்கியிருப்பதால் கிருமிகளுக்கு வழி எளிதாகிறது. மருந்தின் அளவு உச்சத்தில் இருக்கும் முதல் ஆறு மாதங்களில் ஆபத்து அதிகம். அந்தக் காலத்துக்கென்றே சில கிருமித் தடுப்பு மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுப்பார்கள். அதன் பிறகு வருபவை பெரும்பாலும் ஊரில் எல்லோருக்கும் வரும் நோய்களே: சளிக் காய்ச்சல், நிமோனியா, டைஃபாய்டு, டெங்கு, காசநோய். மற்றவருக்கு மூன்று நாளில் போவது இவர்களுக்கு வேகமாக முற்றிவிடலாம். சிலருக்குக் காய்ச்சல் பெரிதாக ஏறாமலேயே தொற்று உள்ளே பரவும். 100.4 டிகிரியைத் தொட்டால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் சொல்லிவிட வேண்டும்.

உணவில் நம் ஊர்ப் பழக்கம் ஒருவகையில் உதவுகிறது. சூடாக வெந்த இட்லி, இடியாப்பம், கொதிக்கும் ரசம் இவையெல்லாம் மிகப் பாதுகாப்பானவை. தெருவோரத்தில் நறுக்கி வைத்த பழம், கரும்புச் சாறு, தண்ணீரில் கரைத்த தேங்காய்ச் சட்னி, பச்சை முட்டை, அரைவேக்காட்டு இறைச்சி ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பது நல்லது. தோட்ட வேலை பிடித்தவர்கள் கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் எருவையும் ஈர மண்ணையும் கிளறக் கூடாது. அதில் பூஞ்சைகள் இருக்கும்.

தடுப்பூசிகளில் இரண்டு வகை உண்டு. கொல்லப்பட்ட கிருமியாலோ அதன் ஒரு துணுக்காலோ ஆனது ஒன்று. பலவீனமாக்கப்பட்ட உயிருள்ள கிருமியால் ஆனது மற்றொன்று. முதல் வகை நல்லது, தேவையும்கூட. ஆண்டுதோறும் போடும் ஃப்ளூ ஊசியும் நிமோனியா ஊசியும் அதில் அடங்கும். தட்டம்மை, சின்னம்மை, மஞ்சள் காய்ச்சல் போன்ற உயிருள்ள வகைத் தடுப்பூசிகளைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்து போலியோ சொட்டு மருந்து கொடுக்க வேண்டி வந்தால் மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அதுவும் உயிருள்ள வகைதான்.

குழாய் வேலையும் பழைய கணக்கும்

கல்லீரலில் சுரக்கும் பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் மெல்லிய குழாய்க்குப் பித்தநாளம் என்று பெயர். அறுவை சிகிச்சையில் இதை இணைத்துத் தைத்த இடம் பின்னால் சுருங்கலாம். உயிருடன் இருப்பவரின் பகுதிக் கல்லீரலைப் பொருத்தும்போது குழாய்கள் சிறியவை என்பதால் இது சற்று அதிகம். அரிப்பு, வெளிறிய மலம், மஞ்சள் கண், குளிரோடு கூடிய காய்ச்சல் ஆகியவை அறிகுறிகள். வாய் வழியே எண்டோஸ்கோப்பை இறக்கி, சுருங்கிய இடத்தை விரித்து, ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைத்து பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். சில மாதங்களுக்கு ஒருமுறை ஸ்டென்ட்டை மாற்ற வேண்டியிருக்கும். சலிப்பான வேலைதான், ஆனால் முடிவு உள்ள வேலை.

புதுக் கல்லீரல் வந்ததால் பழைய நோயின் காரணம் போய்விடும் என்று நினைப்பது இன்னொரு தவறான எண்ணம். வீடு மாறினாலும் கடன்காரர் முகவரி தேடி வருவதைப் போல, சில நோய்கள் தேடி வரும். ஹெபடைட்டிஸ் பி வைரஸால் கல்லீரலை இழந்தவர்கள் அந்த வைரஸுக்கான மாத்திரையையும் தொடர்ந்து சாப்பிட வேண்டும். ஹெபடைட்டிஸ் சி-க்கு இப்போது சில மாத மாத்திரையிலேயே பெரும்பாலோர் முழுமையாகக் குணமாகிவிடுகிறார்கள். கல்லீரல் புற்றுநோய்க்காக மாற்றியவர்களுக்கு முதல் சில ஆண்டுகள் ஸ்கேன் கண்காணிப்பு இருக்கும். மதுவால் வந்தவர்களுக்கு மது முற்றிலும் விலக்கு. இதில் அளவோடு என்ற பேச்சுக்கே இடமில்லை. குடிநோய் மூளையின் நோய் என்பதால், கல்லீரலை மாற்றியதால் மட்டும் அது போய்விடாது. மனநல ஆலோசனையும் தொடர் கவனிப்பில் ஒரு பகுதிதான்.

ஆண்டுகள் பல கழிந்த பின் பார்க்க வேண்டியவை

நீண்ட காலம் வாழ்ந்தவர்களின் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் மாற்றுக் கல்லீரலின் கோளாறு அன்று. இதயநோய், புற்றுநோய், தொற்று, சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவைதாம். இதைப் படித்தபோது எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. நாங்கள் கல்லீரலின் எண்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். சிறுநீரகத்தைக் காட்டும் கிரியாட்டினின் என்ற எண் அதே தாளில் இரண்டு வரி கீழே மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

டாக்ரோலிமஸ் ஆண்டுக்கணக்கில் சிறுநீரகத்தின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. 2003-இல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வொன்றில், கல்லீரல் மாற்று பெற்றவர்களில் ஏறத்தாழ 18 சதவீதத்தினருக்கு ஐந்தாண்டுக்குள் நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு ஏற்பட்டிருந்தது. நேரத்தோடு தெரிந்தால் அளவைக் குறைக்கலாம், வேறு மருந்தோடு பங்கிட்டுக் கொடுக்கலாம். அதனால் அறிக்கைத் தாளில் கல்லீரலுக்கான வரிகளோடு நின்றுவிடாமல் முழுத் தாளையும் பார்க்கப் பழகுங்கள். ஒவ்வொரு முறையும் வரும் கிரியாட்டினின் எண்ணை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வாருங்கள். ஓர் எண்ணைவிட எண்களின் போக்குத்தான் அதிகம் சொல்லும்.

அடுத்தது எடை. நோயில் எலும்பும் தோலுமாய் இருந்தவருக்குப் பசி திரும்பும். வீடு முழுவதும் அவருக்கு ஊட்டிவிடத் துடிக்கும். ஸ்டீராய்டு பசியைக் கிளப்பும். ஓராண்டில் பதினைந்து கிலோ ஏறியவர்களைப் பார்த்திருக்கிறேன். மருந்துகளே சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் கூட்டும் தன்மை உடையவை. அதோடு எடையும் சேர்ந்தால் புதுக் கல்லீரலிலேயே கொழுப்பு படியும். நடைப்பயிற்சியும் சோற்றின் அளவும் மாத்திரையைப் போலவே சிகிச்சைதான்.

புற்றுநோயைப் பற்றிப் பயமுறுத்தாமல் சொல்ல வேண்டும். உடலில் தவறி வளரும் அணுக்களைக் களைவதும் அதே காவல் படையின் வேலைதான். படை மந்தமாக இருப்பதால் சில புற்றுநோய்களின் வாய்ப்பு மற்றவர்களைவிட இவர்களுக்குக் கூடுதல். புகையிலையும் வெற்றிலைப் பாக்கும் அறவே கூடாது. வாயில் ஆறாத புண், தோலில் மாறும் மச்சம், கழுத்தில் கட்டி என்று எதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பெண்கள் மார்பகம், கருப்பைவாய்ப் பரிசோதனைகளை ஒத்திப்போடக் கூடாது. எலும்பு தேய்மானத்துக்கும் பற்களுக்கும் ஆண்டுக்கு ஒரு பார்வை போதும்.

திருமணம், குழந்தை, வேலை எல்லாம் முடியும். பலர் மூன்று முதல் ஆறு மாதங்களில் வேலைக்குத் திரும்புகிறார்கள். பெண்கள் கருவுறுவதற்கு முன் குறைந்தது ஓராண்டு காத்திருப்பது வழக்கம். மைக்கோஃபினோலேட் கருவைப் பாதிக்கும் என்பதால் கருத்தரிக்கத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொல்லி அதை மாற்றிக்கொள்ள வேண்டும். கர்ப்பம் என்று பயந்து எல்லா மாத்திரைகளையும் தானாக நிறுத்திவிடுவது தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து.

தானம் கொடுத்தவர்

தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளை வரிசைப்படி வழங்கும் அரசுத் திட்டம் 2008 முதல் நடக்கிறது. இருந்தும் இந்தியாவில் கல்லீரல் மாற்றுகளில் பெரும்பகுதி உயிருடன் இருக்கும் உறவினரின் தானத்தால்தான் நடக்கிறது. உயிருடன் இருந்து உறுப்பு கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். எங்கள் வீட்டில் சித்தி.

கொடுத்தவருக்கு எஞ்சிய கல்லீரல் சில மாதங்களிலேயே கிட்டத்தட்ட பழைய அளவுக்கு வளர்ந்துவிடும். அது அவருடைய சொந்தக் கல்லீரல் என்பதால் எதிர்ப்புத் தணிப்பு மாத்திரை எதுவும் தேவையில்லை. 'இருவரும் ஆயுளுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும்' என்று பயந்து தானத்திலிருந்து பின்வாங்கிய குடும்பங்கள் உண்டு. அது உண்மையில்லை. ஆனால் அவருக்குக் கவனிப்பே வேண்டாம் என்பதும் உண்மையில்லை. பெரிய வெட்டு ஆறும் இடத்தில் குடல் பிதுக்கம் வரலாம், பித்தநாளம் சுருங்கலாம், களைப்பு மாதக்கணக்கில் நீடிக்கலாம். முதல் ஆண்டில் சில முறையும், அதன் பின் ஆண்டுக்கொரு முறையும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

சித்தி மூன்றாவது வாரமே குடத்தைத் தூக்கியதையும், அவருடைய பரிசோதனைத் தேதி தவறியதை யாரும் கவனிக்கவில்லை என்பதையும் இன்று எழுதும்போதும் மனம் உறுத்துகிறது. இப்போது சித்தப்பாவின் மூன்றுமாதப் பரிசோதனை நாளில், ஆண்டுக்கு ஒருமுறை சித்தியின் பெயரிலும் ஒரு சீட்டு போடுகிறோம். அவருடைய அறிக்கைக்கும் அதே நோட்டில், சித்தப்பாவின் எண்களுக்குப் பக்கத்திலேயே, தனியாக ஒரு கட்டம் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.